வாய் கொப்பளிக்கும் சத்தம்

என் கணவர் வாய் கொப்பளிக்கும் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். பக்கத்து லாட்ஜில் போடும் பக்திப் பாட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான். குளியலறையில் விபூதிப் பைக்குப் பக்கத்தில் மவுத்வாஷ் பாட்டில் நிற்கும். கண்ணில் நீர் வரும் காரம். “எரியட்டும், எரிஞ்சாத்தான் கிருமி சாகும்” என்பார்.

அவர் கோயிலில் குருக்கள். முறை வரும் நாட்களில் பூஜை முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. பௌர்ணமிக் கூட்டத்தில் அது பிற்பகல்வரை இழுக்கும். காய்ந்த வாய் நாறாமல் என்ன செய்யும்? ஒரு தடவை அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஒரு பெண்ணிடம் குனிந்து நட்சத்திரம் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அன்றைக்கே மெடிக்கலில் பாட்டில் வாங்கிவிட்டார். “முழுங்கினாத்தானே விரதம் போகும்? இது துப்பறதுதானே” என்று தனக்கென்று ஒரு சாஸ்திரமும் சொல்லிக்கொண்டார். சீக்கிரமே கோயிலுக்கும் ஒரு சின்ன பாட்டில் போனது. ஒவ்வொரு தடவை சந்நிதிக்குள் போகும் முன்பும் ஒரு கொப்பளிப்பு.

ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. தலையணை உறையைத் துவைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? முன்பற்கள் ஆடத் தொடங்கின. பல் டாக்டரைப் பாருங்கோ என்றால் சீறுவார்.

“பார்த்தா பிடுங்கிடுவா. பல்லு போனா மந்திரம் எப்படி வரும்? பாதி காத்தாப் போகும். ஸ்வாமிக்கு முன்னாடி நின்னு உளறச் சொல்றியா?”

“ரத்தம் வரதே?”

“நாறலையே. அப்புறம் என்ன?”

நாற்றம் போனால் நோயும் போயிற்று என்பது அவர் கட்சி. பிடிவாதத்தில் அவரை ஜெயிக்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது.

பிறகு சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டால் தணியும், மறுநாள் திரும்ப வரும். வெயில், கூட்டம், அலைச்சல் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். கோபுர வாசலிலிருந்து சந்நிதிக்குப் போக வழியில் நின்று நின்று மூச்சு வாங்கியபோதுதான் சென்னைக்கு அழைத்துப் போனோம்.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் கேட்டார்: “சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல் வந்துச்சுங்களா?”

அவர் தலையாட்டினார்.

“அப்பவே ஒரு வால்வு கெட்டிருக்குங்க. இப்ப ஈறு வழியா வாயில இருக்கற கிருமி ரத்தத்துல எறங்கி, அந்த வால்வு மேல போய் உக்காந்துருக்கு. பல்லுல ஏதாவது பிரச்னை இருந்துச்சா?”

அவர் என்னைப் பார்த்தார். “தினமும் நன்னா கொப்பளிப்பார்” என்றேன். வேறென்ன சொல்ல?

பல் டாக்டர் சின்னப் பெண். மவுத்வாஷ் கதையைக் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்: “அது வாசனைய மறைக்குங்க. ஈறுக்கு அடியில போகாது. மவுத்வாஷாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல மாட்டேன். ஈறு கெட்டது வெளியே தெரியாம பண்ணிடுச்சு, அவ்ளோதான். வாயில நல்ல கிருமியும் இருக்குங்க. கீரை சாப்பிட்டா அதுல இருக்கற சத்த ரத்தக்குழாய்க்கு ஏத்த மாதிரி மாத்தறதே அதுங்கதான். ரொம்ப ஜாஸ்தி கொப்பளிச்சா அதுவும் கம்மியாயிடும். சிலருக்கு பிரஷர்கூட ஏறலாம்னு சொல்றாங்க.”

அவருடைய பிரஷருக்காக நான் தேடித் தேடி வாங்கிச் சமைத்த முருங்கைக்கீரை நினைவுக்கு வந்தது. சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

வால்வை மாற்றும் முன் வாயைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்றார்கள். முன்பற்கள் எல்லாம் போயின. எதற்குப் பயந்து இத்தனை நாள் ஓடினாரோ, அது ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். கன்னத்தைத் தொட்டுக் காட்டி, ஒன்றுமே தெரியவில்லை என்று கையை விரித்தார். எனக்கு ஊசி போடாமலேயே அப்படித்தான் இருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கேன்டீனில் இட்லி தின்றேன். இவர் பிழைப்பாரா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதிலும் வரவில்லை, பயமும் வரவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வந்து சொன்னபோதும் சரி என்றுதான் சொன்னேன்.

ஊர் திரும்பிவிட்டோம். மின்விசிறியை நிறுத்தினால் அவர் நெஞ்சுக்குள் புது வால்வு டிக் டிக்கென்று கேட்கிறது. கோயில் முறையை அவர் தம்பி பார்க்கிறான். பல் செட்டுக்கு ஈறு ஆற வேண்டும். மவுத்வாஷ் பாட்டிலில் பாதி அப்படியே இருக்கிறது. காலையில் குளியலறையில் சத்தமே இல்லை. அவரும் யாரோடும் பேசுவதில்லை. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நேற்று என் பிறந்த நட்சத்திரம். வீட்டுப் பூஜை அலமாரிக்கு முன்னால் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். துண்டை எடுத்தார். சங்கல்பம் சொல்லத் தொடங்கினார். என் நட்சத்திரம் விசாகம். அந்த இடம் வந்ததும் வெறும் காற்றுதான் வந்தது. நிறுத்தினார். மறுபடி சொன்னார், மறுபடியும் காற்று. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவ்வளவு நெருக்கத்தில் அவர் மூச்சு என் மேல் பட்டது. புதினா இல்லை. கொஞ்சம் புளிப்பாக, தூங்கி எழுந்த மனுஷனின் வாய் வாசனை. அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

“சொல்லுங்கோ” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.