இரண்டு அரசிகளும் ஒரு மச்சாளும்

நான் பேர்ண் நகரில் பஸ் ஓட்டுகிறேன். ஐரோப்பிய அரச குடும்பத்துச் சகோதரிகளைப் பற்றித் தமிழில் ஒரு நாவலும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். இரண்டு வேலையும் எனக்குத் தெரியும். இரண்டுக்கும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.

நாவல் எழுதுகிறேன் என்று செய்தி பரவிய நாட்களில் கோயில் மண்டபத்தில் ஒரு அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, எங்கடை ராசாக்களிலை உங்களுக்கு என்ன குறை? ஏன் உந்த வெள்ளைக்காரியளைப் பற்றி எழுதுறியள்?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "அண்ணை, நான் ஓட்டுற பஸ்ஸும் வெள்ளைக்காரன்ரைதான். அதிலை நீங்கள் ஏறி வரேல்லையோ?" என்று கேட்டேன். அண்ணை பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

அவரிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. நானும் அக்காவும் இந்த நாட்டுக்கு ஒன்றாகத்தான் வந்தோம். அகதி விண்ணப்பம் கொடுத்த பிறகு ஆட்களைக் கன்டோன் கன்டோனாக, அதாவது மாநிலம் மாநிலமாக, பிரித்து அனுப்புவது இங்கே வழக்கம். கணவன் மனைவியைப் பிரிக்கமாட்டார்கள், தாய் பிள்ளையைப் பிரிக்கமாட்டார்கள். வயது வந்த அக்கா தங்கச்சி அந்தக் கணக்கில் குடும்பம் இல்லை. அக்காவுக்குச் சோலோதுர்ன் விழுந்தது, எனக்குப் பேர்ண். ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லாத தூரம்தான். ஆனால் அந்தக் காலத்தில் எங்களுக்கு அது வேறு வேறு தேசம். அவரைத் தனியே ஏற்றிக்கொண்டு போன வாகனத்தின் பின்பக்கத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, ஒரு விடுமுறை நாளில், மகளுடன் ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போனேன். ஒரு சுவரில் இரண்டு இளவரசிகளின் படம் தொங்கியது. ஒரே நிறத்தில் உடுப்பு, ஒரே மாதிரி மூக்கு. ஒருத்தியை வடக்கே ஒரு ராச்சியத்துக்கும் மற்றவளைத் தெற்கே ஒரு சிற்றரசுக்கும் கட்டிக்கொடுத்தார்கள், பிறகு அந்த இரண்டு நாடுகளும் சண்டை பிடித்தன என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். இவர்களில் மூத்தவள் யார் என்று கேட்டேன். "ஷ்வெஸ்டர்ன்," என்றாள். சகோதரிகள், அவ்வளவுதான். திரும்பவும் கேட்டேன். அவள் கையிலிருந்த தாளைப் புரட்டிவிட்டு, அது முக்கியமா என்று சிரித்தாள்.

முக்கியமா என்றா கேட்கிறாய் என்று எனக்குள் யாரோ எழுந்து நின்றார்கள். இரண்டு சகோதரிகளைப் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள், அழுதவள் யார், அழாமல் நின்றவள் யார் என்று தெரிய வேண்டாமா? அழாமல் நின்றவள்தான் அக்கா. அன்றைக்கு வீடு திரும்பும்போதே நாவல் தொடங்கிவிட்டது.

அந்தப் படத்துக் குடும்பத்தை விட்டுவிட்டு, அவர்களைப் போல ஒரு குடும்பத்தை நானே உண்டாக்கினேன். நூலகத்திலிருந்து ஜெர்மன் புத்தகங்களைச் சுமந்து வந்தேன். கடைசித் தரிப்பிடத்தில் கிடைக்கும் இடைவேளைகளிலும், பூம்ப்ளிஸில் என் வீட்டுக் குசினி மேசையிலும் எழுதினேன். பஸ் டிப்போவில் கூட வேலை செய்பவர்கள் என்னை "மயஸ்டேட்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மகாராணியாம். நானும் தலையை அசைத்து வணக்கத்தை ஏற்றுக்கொள்வேன்.

எழுதியதை முதலில் வாசிப்பது அக்கா. அவர் சோலோதுர்னில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினிக்குப் பொறுப்பாளர். அவருடைய வாய்க்குப் பயந்து அங்கே உருளைக்கிழங்கும் நேரத்துக்கு அவியும். வாசித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "மிச்சத்தை அனுப்பு," என்பார். அது எனக்குப் போதும்.

நூல் வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்குபவர் யார் என்பது எங்கள் ஆட்களிடையே சின்ன விஷயம் இல்லை. டொக்டரைக் கூப்பிடுவார்கள், நகைக்கடைக்காரரைக் கூப்பிடுவார்கள். நான் நாவலின் முதல் வரியை எழுத முன்னரே தீர்மானித்திருந்தேன்: முதற்பிரதியை வாங்குவது அக்கா. அன்றைக்கு ஒரு கன்டோனிலிருந்து மற்றக் கன்டோனுக்குப் போக வழியில்லாமல் அழுத நான், எல்லோரும் பார்க்க அவருடைய கையில் என் புத்தகத்தைக் கொடுக்கவேண்டும். அதற்காகத்தான் எழுதினேன் என்று சொன்னாலும் பொய் இல்லை.

மண்டபம் ஒழுங்காகிவிட்டது. சென்னையில் அச்சகம் கடைசி மெய்ப்புக்காகக் காத்திருந்தது. அப்போதுதான் அக்கா தொலைபேசி எடுத்தார்.

"எடியே, கடைசிப் பகுதி வாசிச்சனான். நீ என்னத்தை எழுதி வைச்சிருக்கிறாய்?"

"ஏனக்கா, கலியாணத்தோடை முடியுது. சண்டை முடிஞ்சு ரெண்டு ராச்சியமும் ஒண்டாகுது."

"ஆருக்கும் ஆருக்கும் கலியாணம்?"

"அக்காவின்ரை மகனுக்கும் தங்கச்சியின்ரை மகளுக்கும்."

"அதை மச்சானும் மச்சாளும் எண்டு எழுதியிருக்கிறாய். அக்கா தங்கச்சியின்ரை பிள்ளையள் எப்பிடியடி மச்சான் மச்சாள்?"

அக்கா சொன்னது சரிதான். தாயோடு பிறந்த மாமனின் மகள், தகப்பனோடு பிறந்த மாமியின் மகள், இவர்கள்தான் மச்சாள். பெரியம்மாவின் மகன் அண்ணன். இது எங்களில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஜெர்மன் புத்தகங்களோ மாமன் பிள்ளை, பெரியம்மா பிள்ளை என்று பாராமல், ஆணென்றால் கூசான், பெண்ணென்றால் கூசீன் என்று முடித்துவிடும். வருடக்கணக்காக அவற்றையே வாசித்து வாசித்து, கூசீன் என்று கண்ட இடத்தில் என் கை மச்சாள் என்று எழுதியிருக்கிறது. ஒரு அண்ணனையும் தங்கச்சியையும் நான் பூத்தூவிக் கட்டி வைத்திருக்கிறேன்.

"சொல்லை மாத்திவிடுறன் அக்கா," என்றேன்.

"சொல்லை மாத்தினால்? கலியாணம் கலியாணந்தானே. என்ரை மோனும் உன்ரை மோளும் எப்பிடி வளந்தவை? நான் உந்தப் புத்தகத்தை மேடையிலை ஏறி வாங்கமாட்டன். டொக்டரைக் கூப்பிடு." வைத்துவிட்டார்.

அவர் சொன்னதன் பாரம் எனக்குத் தெரியும். என் மகள் முதலாம் வகுப்பில் குடும்பப் படம் கீறியபோது ஒரு பெடியனையும் கீறி, கீழே ஜெர்மனில் "என் அண்ணன்" என்று எழுதிவிட்டாள். உங்களுக்கு ஒரு பிள்ளைதானே என்று ஆசிரியை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் வேலையில். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து நின்ற அக்கா எடுத்து, "ஓம், அவன் அவளின் அண்ணன்தான், ஆனால் பெற்றது நான்," என்று ஜெர்மனில் விளக்கம் கொடுத்திருக்கிறார். தத்துக்கொடுத்த பிள்ளையோ என்று பதறிய ஆசிரியை எங்கள் இருவரையும் பாடசாலைக்கு வரச்சொன்னார். கதையைக் கேட்டுவிட்டு, "ஓ, கூசான்," என்று நிம்மதியானார். அக்கா விடவில்லை. "கூசான் என்றால் கலியாணம் செய்யலாம். இவன் அப்படி இல்லை. இவன் அண்ணன்." அந்தப் படம் வருடம் முடியும்வரை வகுப்புச் சுவரில், அண்ணன் என்ற சொல்லோடேயே தொங்கியது. அக்காவின் வெற்றிகளில் அதுவும் ஒன்று.

தம்பியுள்ளான் படைக்கு அஞ்சான் என்பார்கள். அக்கா உள்ளவள் அச்சகத்துக்கு அஞ்சத்தான் வேண்டும். அச்சகத்திடம் இரண்டு நாள் தவணை கேட்டுவிட்டு அடுத்த நாளே சோலோதுர்னுக்கு ரயில் ஏறினேன்.

அக்கா தேத்தண்ணி வைத்துத் தந்தார். கோபமென்றாலும் தேத்தண்ணி வரும். நான் பஸ்ஸில் பயணிகளோடு வழக்காடும் குரலிலேயே தொடங்கினேன். "அக்கா, நான் கற்பனையிலை இதைக் கட்டேல்லை. அந்தக் குடும்பங்களிலை இப்பிடித்தான் நடந்தது. அவையளுக்கு அது பிழையில்லை. எங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டு சரித்திரத்தை மாத்தேலுமோ?"

"நடந்ததை நான் இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார் அக்கா. "ரெண்டு தாய்மாரும் எங்கை எண்டுதான் கேக்கிறன். முழுக்க அக்கா தங்கச்சியின்ரை கதை. கலியாணத்திலை பாத்தால் வண்டில், மெழுகுதிரி, லேஸ். அவை ரெண்டு பேரையும் காணேல்லை."

"பின்னாலை நிக்கினம்தானே."

"பின்னாலை நிண்டு? அக்கா மாப்பிளை வீடு. தங்கச்சி பொம்பிளை வீடு. அண்டையிலை இருந்து சம்மந்தி. இனி ஆர் ஆருக்கு எழும்பி நிக்கிறது? நான் உனக்குச் சம்மந்தியாய் வந்தால் நீ என்னை என்னெண்டு கூப்பிடுவாய்?"

அந்த ஒரு கேள்வியில் என் கடைசிப் பகுதி பொலபொலவென்று உதிர்ந்துபோனது. ராச்சியங்கள் ஒன்றாவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அந்தக் கலியாணத்தில் ஒரு தங்கச்சி தன் அக்காவை இழக்கக்கூடும் என்பதை நான் காணவில்லை. என் அக்கா கண்டார். கண்டது மட்டுமில்லை, என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தார். எனக்கு அவமானமாக இருக்கவில்லை. என் புத்தகத்தை இவ்வளவு கவனமாக வாசிக்க ஒருத்தி இருக்கிறாளே என்று நெஞ்சு நிமிர்ந்தது.

திரும்பி வரும் ரயிலிலேயே எழுதத் தொடங்கினேன். மச்சாளை வெட்டினேன். "அவள் தன் பெரியம்மாவின் மகனை மணந்தாள்" என்று எழுதினேன். தமிழ் வாசிக்கிற எவரும் அந்த வரியில் திடுக்கிடுவார்கள். திடுக்கிடட்டும், இரண்டு தாய்மாரில் ஒருத்தியும் அன்றைக்குத் திடுக்கிட்டாள் என்று அடுத்த வரி சொல்லும். பிறகு தேவாலய வாசல். மூத்தவள் ராணி, இளையவள் ஒரு சிற்றரசனின் மனைவி. அரண்மனை முறைப்படி பெண்ணைப் பெற்றவள் ராணிக்கு முழந்தாள் மடித்து வணங்கி, "மாட்சிமை பொருந்தியவரே" என்று சொல்லவேண்டும். இளையவள் முழந்தாளை மடித்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்து, "அக்கா," என்றாள்.

அந்த இடத்தை எழுதி முடித்தபோது எனக்கு என் மொழியை நினைத்துத் தலை கால் தெரியாத பெருமை வந்தது. அந்த அரண்மனைகளில் எந்த மொழியில் கதைத்திருந்தாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாள், இல்லாவிட்டால் பட்டத்தைச் சொல்லி. அக்கா என்று கூப்பிட அவளுக்கு அங்கே ஒரு சொல் இல்லை. நான் கொடுத்தேன். என் ராணி அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், அரண்மனை முறை பார்ப்பவர்கள் முகத்தைச் சுழிக்க, குனிந்து தங்கச்சியைத் தூக்கி நிறுத்தினாள். ராச்சியங்கள் ஒன்றானதை ஒரு வரியில் முடித்துக்கொண்டேன்.

அக்காவுக்கு அனுப்பினேன். அன்றைக்குப் பின்னேரம் தொலைபேசி அடித்தது. அக்காதான். மூக்கை உறிஞ்சிய மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கேட்டால் குசினியில் வெங்காயம் என்பார், ஆகவே நான் கேட்கவில்லை.

"உந்த வயதிலை குந்தி எழும்பேக்கை தங்கச்சிக்காரிக்கு முழங்கால் நொந்திருக்கும்," என்றார் கடைசியில். "அதையும் போடு."

"அப்ப, வாறீங்களோ?"

"சீலை எடுத்து வைச்சிட்டன்."

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் நிறைந்திருந்தது. பொரித்த பட்டிஸ் மணம் ஒரு பக்கம், டிப்போவிலிருந்து வந்த என் கூட்டாளிகள் ஒரு பக்கம். என் மகளும் அக்காவின் மகனும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரே பையிலிருந்து மிக்சர் சாப்பிட்டார்கள். எங்கள் ராசாக்களில் என்ன குறை என்று கேட்ட அண்ணையும் வந்திருந்தார். தமிழ்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஒலிவாங்கியில் திருத்தமான தமிழில் அறிவித்தார்: "முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள நூலாசிரியரின் அன்புச் சகோதரியை மேடைக்கு அழைக்கிறோம்."

அக்கா சாம்பல் நீலச் சீலையில் மேடைக்கு வந்தார். என் பக்கம் வரவில்லை. நேரே அறிவிப்பாளரிடம் போய் ஒலிவாங்கிக்குக் கையை நீட்டினார். பாவம், மனுசன் கொடுத்துவிட்டார்.

"மன்னிக்கவேணும்," என்றார் அக்கா. "சகோதரி எண்டால் ஆர் மூப்பு எண்டு விளங்காது. இந்த நாட்டிலையும் எங்களை அப்பிடித்தான் எழுதிப் போட்டுப் பிரிச்சவை. நான் சகோதரி இல்லை. நான் அவவின்ரை அக்கா."

மண்டபம் கைதட்டியது. நான் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன். கொடுக்கும்போது, என்ன நினைத்தேனோ, டிப்போக்காரர் எல்லாம் பார்க்க, ஒரு முழந்தாளை மடித்துவிட்டேன். பஸ் ஆசனத்தில் இருந்து இருந்து இறுகிய முழங்கால், சுள்ளென்றது. அக்கா புத்தகத்தை வாங்கினார், மற்றக் கையால் என்னைத் தூக்கினார். ஒலிவாங்கி இன்னும் தன் கையில்தான் இருக்கிறது என்பதை மறந்து, என் காதுக்குள் கேட்பதாக நினைத்துக் கேட்டார்:

"முழங்கால் நொந்ததைப் போட்டனியோ?"

"ஓம் அக்கா," என்றேன். "போட்டனான்."