வாரிசுப் பட்டியலில் நான்கு பேர்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சித்தப்பா என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அப்பா உயில் எழுதவில்லை. ஐயம்பேட்டை வீட்டின் பட்டா மாற, காஞ்சிபுரம் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று கேட்டு மனு போட வேண்டும். பாலிடெக்னிக்கில் வரைபடம் போட்டுப் பழகிய என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்.

"வாரிசு, மகன் ஒருத்தன். அவ்ளோதான், எழுதுமா."

"அம்மா? நான்? தங்கச்சி?"

"பொம்பளைங்க பேரு எதுக்குமா? தறியில குந்தறவன்தான் வாரிசு. நீங்கள்லாம் கட்டிக்கினு போறவங்க."

"அம்மா எங்க கட்டிக்கினு போவாங்க, சித்தப்பா?"

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். மெட்ராசில் வேலை பார்க்கும் அண்ணன் தறியில் உட்கார்ந்ததே இல்லை. சேலையின் உடலோடு கரையைச் சேர்க்கும் கோர்வைக்கு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளியது நானும் தங்கையும். நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றியது அம்மா. அண்ணன் பெயர் மட்டும் ஏறினால் வீட்டை விற்றுவிடலாம் என்று சித்தப்பாவும் அவனும் பேசியதை நான் கேட்டிருந்தேன். அப்புறம் அம்மா எங்கே போவாள்?

எழுதினேன். ஒன்று, மனைவி. இரண்டு, மகன். மூன்று, மகள். நான்கு, மகள். அடியில் கார்பன் வைத்திருந்தேன். சித்தப்பா மேல் தாளைக் கிழித்தார். அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நகலை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, "வாம்மா, தாலுகா ஆபீசுக்குப் போலாம்" என்றேன்.

"தாலி எறக்கினவ வருஷம் திரும்பாம வாசல் தாண்டுவாளா?" என்று சித்தப்பா கத்தினார்.

அம்மா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் படி இறங்கினாள்.