குடியரசுல எனக்கு ஞாயிறு லீவு

எங்க கடை ஓனர முதலாளின்னு கூப்பிட்டா அவருக்கு மூஞ்சி சுண்டிப்போகும். "தோழர்னு கூப்பிடுங்க தோழர்" அப்படிம்பார். சரி, கூப்பிட்டுட்டுப் போறேன், எனக்கென்ன. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல அவரோட பிரியாணிக் கடையில எனக்குப் பில் போடுற வேலை. காலேஜ் படிக்கையில கொடி பிடிச்சவராம், போலீஸ்கிட்ட அடி வாங்குனவராம். அவங்க அப்பா போனப்புறம் கடை இவர் கைக்கு வந்துருச்சு. புரட்சி வர்ற வரைக்கும் கடைய யாராச்சும் பாத்துக்கணும்ல, அதான் பாத்துக்கிட்டு இருக்கார். எல்லாரையும் வாங்க, போங்கன்னுதான் பேசுவார். "தோழர், அந்த எச்சி இலைய செத்த எடுங்க தோழர்"னு அவர் சொல்ற அழகே தனி. மரியாதைக்கு ஒரு குறையும் வச்சதில்ல. லீவுதான் கிடையாது.

கல்லாவுக்குப் பின்னாடி ஒரு டேபிள் போட்டு, லேப்டாப்ப வச்சுக்கிட்டு மத்தியானம் பூரா கேம் ஆடுவார். சுடுற கேமோ கார் ஓட்டுற கேமோ இல்ல. அதெல்லாம் சீரழிவுக் கலாச்சாரமாம். இது வேற. ராஜாவ விரட்டிட்டு ஜனங்களே ஆள்ற ஒரு ஊர் இருக்கும். வயல் பொது, ஆலை பொது, அடுப்படிகூடப் பொது. அந்த ஊர நாம கட்டி வளக்கணும். குட்டிக் குட்டியா ஆளுங்க நடமாடுவாங்க. ஒவ்வொருத்தர் தலைக்கு மேலயும் ஒரு மூஞ்சி தெரியும், சந்தோஷமா இருந்தா பச்சை, கடுப்பா இருந்தா சிவப்பு. அந்த ஊருக்குச் செங்கொடி ஏத்தணும்னா மட்டும் தனியாக் காசு கட்டணும். கேம் செஞ்ச வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் விவரமானவன். தோழர் கார்டு நம்பர அடிச்சு வாங்கிட்டு, "மூலதனத்தோட ஆயுதத்த அதுக்கு எதிராவே திருப்புறோம் தோழர்"னார். நல்லாத் திருப்புங்கன்னு சொல்லிட்டு நான் பார்சலுக்கு ரப்பர் பேண்டு போட்டேன்.

பாத்ரூம் போகணும்னா என்னையத்தான் கூப்பிடுவார். "செத்த நேரம் குடியரசப் பாத்துக்கங்க தோழர்." ஒரு கையில பில் மிஷின், ஒரு கையில குடியரசு. பார்சலுக்கு நிக்கிறவன் கத்துவான், "யக்கா, ரெண்டு மட்டன், சீக்கிரம்!" இந்தப் பக்கம் எவனோ கிணத்துல தண்ணி இல்லன்னு கொடி காட்டிக்கிட்டு நிப்பான். ரெண்டு பேருக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

ஒருநாள் அந்த ஊர்ல திடீர்னு எல்லா மூஞ்சியும் சிவப்பாயிருச்சு. ஆலைக்குப் போறவன் போகல, வயலுக்குப் போறவ போகல, எல்லாரும் சந்தைத் திடல்ல வந்து உக்காந்துட்டாங்க. தோழருக்குக் கோவம் வரும்னு பாத்தா, மனுசன் எந்திரிச்சு நின்னு கை தட்டுறார். "உணர்வு பெற்றுட்டாங்க! பாத்தீங்களா, வர்க்க உணர்வு!" என்ன வேணுமாம் அவங்களுக்குன்னு கேட்டேன். வாரத்துல ஒருநாள் ஓய்வு வேணுமாம். யோசிக்கவே இல்ல, ஒரே தட்டு. ஞாயித்துக்கிழமை லீவு. திடல்ல அம்புட்டு பேரும் குதிச்சு ஆடுறாங்க. அன்னைக்குக் கடையில எல்லாருக்கும் ஸ்பெஷல் டீ.

இரும்பு சூடா இருக்கையிலயே அடிச்சிரலாம்னு நானும் வாயத் தொறந்தேன். எம்மகளுக்கு அடுத்த மாசம் புதுநன்மை. எங்க கத்தோலிக்க சபைப் பிள்ளைகளுக்கு அது கல்யாணத்துக்கு அடுத்த விசேஷம். வெள்ளை கவுன், தலையில பூக்கிரீடம், கையில மெழுகுதிரி. முதல் தடவையா நன்மை, அதான் சாமியார் நாக்குல வைக்கிற அப்பம், வாங்கப் போகும்போது அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிள்ளையோட பீடம் வரைக்கும் நடந்து போகணும். பூசை ஞாயித்துக்கிழமை காலையில. அந்த நேரம் கடையில சாணார்பட்டி, எரியோடுன்னு சுத்துப்பட்டு விசேஷ வீட்டு ஆர்டரெல்லாம் கட்டிக்கிட்டு இருப்போம். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை தோழர்"னு கேட்டேன்.

அவர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சார். அவர் கண்ணாடியத் தொடச்சாலே பெரிய பேச்சு வருதுன்னு அர்த்தம். "உங்க நம்பிக்கைய நான் மதிக்கிறேன் தோழர். ஆனா யோசிங்க. உழைக்கிற மக்கள் வாரம் முழுக்கக் கஷ்டப்பட்டு ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் பிரியாணி சாப்பிடுறாங்க. அது அவங்க உரிமை. அதுல நாம கை வைக்கலாமா?"

அப்ப நாங்க யாரு தோழர், உழைக்காத மக்களான்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"ஜனநாயக முறையில முடிவு பண்ணுவோம்"னு அவரே சொன்னார். நாலு மணிக்குக் கூட்டம் ஓஞ்சதும் எல்லாரையும் கூட்டி உக்கார வச்சார். முதல்ல உலகத் தியாகிகளுக்கு எந்திரிச்சு மௌன அஞ்சலி. அப்புறம் நிகழ்ச்சி நிரல். அப்புறம் தலைமையுரை. கடைசியா, "தோழருக்கு விடுப்பு குடுக்கலாம்கிறவங்க கை தூக்குங்க"ன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டே வந்தார். அந்தப் பார்வையில எவன் கை தூக்குவான்? அண்டா வைக்கிற மாஸ்டர் பாய் தரையப் பாத்தார். இலை போடுறவன் விட்டத்தப் பாத்தான். "ஏகமனதா நிராகரிக்கப்பட்டது. இதுதான் உள்கட்சி ஜனநாயகம்"னு தோழருக்கு ஒரே பெருமை.

பாய் பின்னாடியே வந்து, "மனசுல வச்சுக்காதம்மா. என் பேத்திக்குப் பேரு வச்சதுக்கே நான் போகல"ன்னார். அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல. நானும் அப்படித்தான் தரையப் பாத்திருப்பேன்.

எங்க வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்லருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுறவர். அவரும் அவங்க மண்டிக்காரர்கிட்ட லீவு கேட்டார். அந்த மனுசன் நெத்தி நிறைய விபூதி, புரட்சின்னா என்ன விலைன்னு கேப்பார். "ஏனுங்க, இதுக்குப் போயித் தயங்குறீங்க? புள்ளைக்கு நல்ல காரியமுங்க, போயிட்டு வாங்க"ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டார். வீட்டுல இவர் அதச் சொன்னப்ப எனக்குச் சந்தோஷத்துக்குப் பதிலா வயிறு எரிஞ்சுச்சு. எம்மக பிஸ்கட்ட நாக்குல வச்சு, மெல்லாம முழுங்கப் பழகிக்கிட்டே கேக்குறா, "அம்மா, நீ வருவேல்ல?" வாரேன் ஆத்தான்னு சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டேன்.

அந்த வாரமே தோழர் என்னையக் கூப்பிட்டார். மூஞ்சியில அப்படி ஒரு கனிவு. "இங்க பாருங்க தோழர்"னு லேப்டாப்பத் திருப்புனார். அந்த ஊர்ல புதுசா ஒரு பொம்பளை. நீலச் சேலை, முதுகுல கூடை, தலைக்கு மேல என் பேரு. ஒரு மரத்தடியில காலை நீட்டி உக்காந்திருக்கா. தலைக்கு மேல பச்சை மூஞ்சி. "உங்க பேரு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவு. சந்தோஷமா இருக்கீங்க பாருங்க."

கிண்டல் பண்றாரோன்னு மூஞ்சியப் பாத்தேன். சத்தியமா இல்ல. கண்ணு கலங்கி இருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த லேப்டாப்பத் தூக்கித் தம்முல இருந்த அண்டாவுக்குள்ள போட்டு மூடியிருப்பேன். "ரொம்ப நன்றி தோழர்"னு சொல்லிட்டு வந்து பில் போட்டேன். மூணு பில்லு தப்பாப் போச்சு.

புதுநன்மை ஞாயித்துக்கிழமை காலையில மகளுக்குக் கிரீடத்த வச்சு, ஊக்கு குத்திட்டு, போன எடுத்தேன். இந்த வேலை போனா வீட்டு வாடகைக்கு என்ன பண்றதுன்னு நெனச்சுக்கிட்டேதான் மெசேஜ் அடிச்சேன். "தோழர், உங்க ஊர்ல மரத்தடியில எம்பேர்ல ஒருத்தி சும்மா உக்காந்திருக்காள்ல, அவள இன்னைக்குக் கல்லாவுக்கு அனுப்பி வையுங்க. அவ லீவ நான் எடுத்துக்கிறேன்."

அனுப்பிட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன். பிள்ளையோட ஒரு பக்கம் எங்க வீட்டுக்காரர், ஒரு பக்கம் நான். பாதி வழியில அவ என் விரல இறுக்கிப் பிடிச்சா, அவ கை அம்புட்டு சூடா இருந்துச்சு. அழுதுட்டேன். மூக்க உறிஞ்சிக்கிட்டே பீடம் வரைக்கும் நடந்தேன். பைக்குள்ள போன் உறுமிக்கிட்டே கிடந்துச்சு, கிடக்கட்டும்னு விட்டுட்டேன்.

பூசை முடிஞ்சு எடுத்துப் பாத்தா, "இது அப்பட்டமான ஒழுங்குமீறல்"னு ஒரு மெசேஜ். அடுத்தது, "பில் மிஷின்ல பேப்பர் எப்படி மாத்துறது?" அடுத்தது, "ஜனங்க கத்துறாங்க தோழர்." கடைசியா ஒரு படம். நீலச் சேலைக்காரி கூடையத் தூக்கிக்கிட்டு ஊர் வாசலத் தாண்டி வெளிய போறா. என்னையக் குடியரசுலருந்து நீக்கிட்டாராம். எங்க வீட்டுக்காரர் அதப் பாத்துட்டுக் கோயில் வாசல்லயே விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பயமும் இருந்துச்சு.

திங்கக்கிழமை கடைக்குப் போனேன். தோழர் வேலைய விட்டுப் போகச் சொல்லல. வேற யாருக்குப் பில் போடத் தெரியும்? ஆனா நாலு மணிக்குக் கூட்டம். மௌன அஞ்சலி முடிஞ்சது. தோழர் கண்ணாடியத் தொடச்சார். அவங்க கட்சியில ஒருத்தர் தப்புப் பண்ணுனா எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு, தன் தப்பத் தானே எடுத்துச் சொல்லணுமாம். சுயவிமர்சனம்னு அதுக்குப் பேரு. "தோழர் இப்ப சுயவிமர்சனம் செய்வார்"னு என்னையக் கை காட்டுனார்.

எந்திரிச்சேன். சாரி தோழர், இனிமே நடக்காதுன்னு சொல்லத்தான் மனசுல நெனச்சிருந்தேன். எம்மக விரல இறுக்குன எடத்துல இன்னும் அந்தச் சூடு இருந்துச்சு.

"எம்மேல ஒரு பெரிய தப்பு இருக்கு தோழர்"னேன். அவர் பெருந்தன்மையாத் தலைய ஆட்டுனார். "இம்புட்டு நாளா உங்ககிட்ட லீவு கேட்டுக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதுதான்."

தோழர் மறுபடியும் கண்ணாடியக் கழட்டுனார். அப்பப் பின்னாடி பெஞ்சுலருந்து மாஸ்டர் பாய் மெதுவா எந்திரிச்சார். துண்ட எடுத்துத் தோள்ல போட்டார். இந்தத் தடவை தரையப் பாக்கல, நேரா தோழர் மூஞ்சியத்தான் பாத்தார்.

"தோழர், வர்ற ஞாயித்துக்கிழமை, இன்ஷா அல்லா, நான் ஒரு தப்பு பண்ணலாம்னு இருக்கேன். அண்டாவுக்கு ஆள் பாத்துக்கங்க."