பின் சீட்டில் ஒரு பாரம்

நம்பாதவர்கள் வெள்ளவத்தைக்கு வாருங்கள். ஸ்கூட்டர் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. தொட்டுப் பாருங்கள். துணிவிருந்தால் பின்னால் ஏறி இருங்கள்.

என் சேமிப்பு முழுவதையும் போட்டு வாங்கிய இத்தாலி ஸ்கூட்டர். பாவித்ததுதான், ஆனால் ஒரு கீறல் கிடையாது. பஸ்ஸில் கண்டவன் முழங்கையையும் தாங்கிக்கொண்டு வேலைக்குப் போய் அலுத்துவிட்டேன். இனி எவனுக்கும் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. விற்றவர் கொட்டாஞ்சேனை ஷெல்டன். அவர் வீட்டில் வண்டித் திறப்பை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"அம்மா. சுகமில்ல," என்றார் ஷெல்டன்.

முகம் காணாவிட்டாலும் சொல்லாமல் போவது சரியில்லை. விடைபெறும்போது எல்லோரும் சொல்வதைச் சொன்னேன்.

"போயிட்டு வாறன் அம்மா. எங்கட வீட்டுப் பக்கமும் வாங்கோ."

அந்த வாரமே தொடங்கியது. பின்னால் இருப்பவர் கால் வைக்கும் மடக்குக் கம்பி, இடப்பக்கம் மட்டும், தானாக விரிந்து கிடந்தது. மடக்கினேன். காலையில் திரும்பவும் விரிந்திருந்தது. ஓடும்போது வண்டி இடப்பக்கம் சரிந்தது, சேலை கட்டிய பெண் ஒருக்களித்து இருப்பதுபோல. கராஜ் ஸப்வான் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு பிழையும் இல்லை என்றார்.

"வித்துப் போடு, சாம்பவி," என்றான் அண்ணன்.

"திரும்பவும் பஸ்ஸிலயோ? ஏலாது."

செவ்வாய்க்கிழமை மாலை 6.40. வேலை முடிந்து காலி வீதி நெரிசலில் வந்துகொண்டிருந்தேன். கொட்டும் மழை.

சீட் அமிழ்ந்தது.

என் இடுப்பை ஒரு கை பிடித்தது... குளிர்ந்த, சுருங்கிய கை.

பிறகு இருமல்...

காதுக்குப் பக்கத்தில்.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் கூட. வண்டியை நிறுத்தவில்லை.

"இது என்ர வண்டி," என்றேன் உரக்க. "நான் இறங்கவும் மாட்டன், விக்கவும் மாட்டன். இருக்கிறதெண்டா இருங்கோ."

வாசல் வரை அந்தக் கை விடவில்லை.

மறுநாள் ஷெல்டனுக்கு அழைத்தேன். அம்மா எப்போது இறந்தார் என்று கேட்கத்தான்.

"அம்மா இருக்கிறா, மிஸ்," என்றார். "ரெண்டு வருஷமா படுக்கை. கால் அசையாது. முந்தி ஞாயிறுகள்ல கோயிலுக்கு இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போவன்."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து இங்க ஒரு துளி மழையில்ல, மிஸ். ஏழு மணி போல சாப்பாடு குடுக்கப் போனன்... அம்மாட ரெண்டு காலும் ஈரம். விரலிடுக்கெல்லாம் சேறு. சிரிச்சிக்கிட்டு படுத்திருந்தாங்க."

அன்று மாலையே இரண்டாவது ஹெல்மெட் வாங்கினேன்.