பெரியம்மாவின் பட்டன் போனும் நான் வைத்த ரோஜாப் பூக்களும்

எங்கள் பெரியம்மா பேசுவதையெல்லாம் எழுதி வைத்திருந்தால் எனக்கு இந்நேரம் பத்து நோட்டு நிறைந்திருக்கும். யாராவது வீண் ஜம்பம் அடித்தால், "அவன் பேச்சு குக்கர் விசிலு மாதிரி. சத்தம் கேட்டுதேன்னு வெந்துடுச்சின்னு எறக்கிடக் கூடாது" என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூட மாட்டார். நாங்கள்தான் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அப்பாவின் அண்ணன் மனைவி அவர். பெரியப்பா போன பிறகும் நெல்லித்தோப்பில் எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தார். அவர் வேலை பார்த்த மில் மூடியபோது உடன் இருந்தவர்கள் எல்லாம் என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருக்க, பெரியம்மா கல்யாண மண்டபங்களுக்கு ஆள் அனுப்பும் வேலையைப் பிடித்துக்கொண்டார். காய் நறுக்க, பந்தி பரிமாற, பாத்திரம் துலக்க என்று சமையல் மாஸ்டர்கள் எத்தனை பெண்களைக் கேட்டாலும் ஒரு மணி நேரத்தில் திரட்டி மண்டபத்து வாசலில் நிறுத்திவிடுவார். மாப்பிள்ளை வராத கல்யாணம் கூட இருக்கலாம், பெரியம்மாவின் ஆள் வராத கல்யாணம் கிடையாது என்று ஒரு மாஸ்டரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் அவரிடம் இருந்த ஆயுதம் ஒரு பட்டன் போன். அந்தப் போனில் ஒரு எண்ணை அழுத்திப் பிடித்தால் அதற்கென்று வைத்திருக்கும் ஆளுக்கு நேராகப் போகும். எல்லார் போனிலும் உள்ளதுதான். ஆனால் பெரியம்மா அதில் ஊரையே வரைந்து வைத்திருந்தார். வலது ஓரம் கடல். அதனால் ஆறாம் எண்ணில் கடற்கரைப் பக்கத்து அக்கா, அதற்குக் கீழே ஒன்பதில் வீராம்பட்டினத்து வள்ளி. நடுவே ஐந்தில் எங்கள் நெல்லித்தோப்பு மும்தாஜ், அதற்கு மேற்கே நாலில் ரெட்டியார்பாளையத்துச் செல்வி. ஒன்றாம் எண்ணை மட்டும் போன் தனக்கென்று வைத்துக்கொண்டதாம். "போனுக்கும் ஒரு மூலை வேணுமில்ல, பொழச்சிப் போவுது" என்று விட்டுவிட்டார். ஒவ்வொருத்திக்குப் பின்னாலும் அவள் தெருப் பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, போனைப் பார்க்காமலே, ஈரக் கட்டை விரலால் நாலை அழுத்துவார், ரெட்டியார்பாளையம் பேசும். எனக்கு அது மந்திரமாகத் தெரிந்தது.

அப்படிப்பட்ட போனுக்கு எமனாக வந்தவள் நான்தான்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. என்னோடு படித்தவள் வீட்டில் டச் போன் வந்திருந்தது. அதில் ஒரு பொம்மை மூச்சு விடாமல் ஓடிக்கொண்டே காசு பொறுக்கும். எனக்கும் அந்தப் பொம்மையை ஓட விட வேண்டும். எனக்காகக் கேட்டால் அப்பா வாங்கித் தர மாட்டார். அதனால் பெரியம்மாவுக்காகக் கேட்டேன். "பெரிம்மா எத்தினி பெரிய வேல செய்றாங்க, அவங்க போயி இந்த டப்பாவ வச்சிக்கினு" என்று இரண்டு மாதம் இரக்கப்பட்டேன். தீபாவளி போனஸ் வந்த கையோடு அப்பா கடைக்குக் கூட்டிப்போனார். பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்போம் என்று கடைக்காரர் சொல்ல, பட்டன் போன் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெரியம்மா அதைக் கொடுக்கும் முன் முந்தானையால் ஒரு முறை துடைத்துக் கொடுத்தார்.

பேர்களை ஏற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எல்லாப் பேரையும் தமிழில் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிவப்பு ரோஜாப் பூ வைத்தேன். திறந்தால் வரிசையாக ரோஜாத் தோட்டம். பெரியம்மா மயங்கிப்போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அழகா கீது கண்ணு" என்றார். அவ்வளவுதான். எனக்கு முகம் தொங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவரும் போனும் ஒத்துப்போகவில்லை. ஈரக் கையால் தொட்டால் அது எங்கேயோ ஓடியது. மஞ்சள் கையால் தொட்டால் நகரவே இல்லை. "தொட்டா கோவிச்சிக்குது, தொடலன்னா தூங்கிப்பூடுது. வந்து எறங்கின புது மருமவ கணக்கா இல்ல இருக்குது" என்றார். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டார். நான் போட்டுக் கொடுத்துவிட்டு, பேசி முடித்ததும் பொம்மையை ஓட விட்டேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் ஒரு மாஸ்டர் கூப்பிட்டிருக்கிறார். ரெட்டியார்பாளையத்தில் வரவேற்பு, வருவதாகச் சொன்ன ஆட்கள் கவிழ்த்துவிட்டார்கள், நாலு மணிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். "தோ அனுப்பறேன் மாஸ்டர்" என்று பெரியம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு நடந்ததை அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவரே நடித்துக் காட்டினார். மும்தாஜ் வீட்டுக்கு ஓடினால் பூட்டு. உடனே பஸ் பிடித்து வீராம்பட்டினம். வெயிலில் வள்ளியைத் தேடிப் பிடித்து, அவள் பின்னால் ஏழு பேரைச் சேர்த்து, ஒரே ஷேர் ஆட்டோவில் அடைத்து, "டிரைவரு மடியில ஒருத்தி உக்காரலயே தவுர மிச்ச எடம் பூரா நாங்கதான்" என்று ரெட்டியார்பாளையம் வந்து, செல்வியையும் அவள் தெருவில் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஐந்தரை. முதல் பந்தியில் பெண்ணின் தாய்மாமன் பட்டு வேட்டியோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாராம்.

மாஸ்டர் நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டிருக்கிறார்: "இன்னாக்கா, உன்ன நம்பித்தான அடுப்பு பத்த வெச்சேன்? இன்னொரு வாட்டி இப்பிடின்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்."

இதையும் அந்த மாஸ்டரின் குரலிலேயே சொல்லிக் காட்டினார் பெரியம்மா. நாங்கள் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்காமல், "செல்வி தோ இருக்கறா, வள்ளிக்கும் ஒரு போனு போட்டா வந்துடப் போறா. எதுக்குக்கா வெயில்ல ஓடுனீங்க?" என்று கேட்டார்.

"சார்ஜு பூட்ச்சி."

அந்தப் போன் அப்போது என் மடியில்தான் இருந்தது. பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. காலையில் சார்ஜ் போட வேண்டியது என் வேலை. போன் தூங்கியதைத்தான் சார்ஜ் போய்விட்டதென்று நினைத்துவிட்டாரோ என்று தோன்றியது. போனைப் பாவாடை மடிப்புக்குள் தள்ளிக்கொண்டேன்.

அப்பா பழைய மாதிரியே ஒரு பட்டன் போன் வாங்கித் தருவதாகச் சொன்னார். பெரியம்மா தட்டில் விரலால் கோலம் போட்டார். "வேணாம்பா. அது போனா இன்னொன்னு வரும், அதுவும் போவும். இது இன்னாதான் சொல்லுதுன்னு நானும் பாத்துட்றேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டார். "உன் கையெழுத்து முத்து முத்தா கீது கண்ணு. நம்ம ஆளுங்க பேரெல்லாம் நோட்டுல எழுது பாக்கலாம். பெரிசா எழுதணும்" என்றார். எழுதினேன். பக்கத்தில் ஆளுக்கொரு படம் போடச் சொன்னார். வள்ளிக்கு ஒரு படகு, மும்தாஜுக்கு அவர் வீட்டுப் பச்சைக் கதவு, செல்விக்கு அவர் மூக்குத்தி மட்டும். "சத்தமா படி, உன் கொரலு நல்லா கீது" என்றார். விரல் வைத்துப் படித்தேன். கூலியாகப் பத்து நிமிடம் பொம்மையை ஓட விடலாம்.

தினமும் இது நடந்தது. ஒரு வாரம் கழித்துப் படம் வேண்டாம், பேர் மட்டும் போதும் என்றார். பிறகு பேர்களை இடம் மாற்றி எழுதச் சொன்னார். என் கையெழுத்தை இத்தனை ரசிப்பவர் உலகத்தில் வேறு யார் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். போனில் இருந்த ரோஜாக்களை எடுத்துவிடச் சொன்னபோது மட்டும் எனக்குக் கோபம் வந்தது.

பெரியப்பா வீட்டார் பெரியம்மாவைப் பெண் பார்க்க வந்த அன்று, பொண்ணு ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறது என்று பெண் வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெரியம்மா அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தார். நாற்பத்தாறாவது வயதில், என் கோடு போட்ட நோட்டில், அந்த ஐந்து வகுப்பையும் ஒரே மழைக்காலத்தில் படித்து முடித்தார். இது எனக்குத் தெரிய இன்னும் பத்து வருஷம் ஆனது.

அதனால்தான் அந்த மார்கழிச் சாயங்காலம் நான் பார்த்தது எனக்குப் புரியவில்லை. பெரியம்மா படியில் தனியாக உட்கார்ந்து போனைத் திறந்தார். உதடுகள் மெல்ல அசைந்தன. ஒரு பேரில் விரல் நின்றது, விலகியது, மறுபடி அங்கேயே வந்து அழுத்தியது. அந்தப் பக்கம், "சொல்லுக்கா, செல்விதான்" என்று கேட்டது. என்ன வேலை, எந்த மண்டபம் என்று ஒன்றுமே சொல்லாமல் பெரியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லடி. சும்மாதான் போட்டேன். நானேதான்டி போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பேச விஷயமே இல்லாமல் ஏன் இப்படி நேரத்தைக் கடத்துகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "சீக்கிரம் குடு பெரிம்மா" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.