மாவுக்கட்டு அறையில் நான் எழுதிய ஒரு வரி

ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுவது என் வேலை. அடிபட்டது எப்படி என்று சீட்டில் எழுதி, டாக்டரின் கையெழுத்துக்கு வைப்பதும் நான்தான்.

முந்திரிக்கொட்டை மூட்டை திருடியதாகச் சந்தேகப்பட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட டிராக்டர் டிரைவர் ஒருவரை, கை உடைந்த நிலையில், போன முந்திரி சீசனில் ஒரு போலீஸ்காரர் அழைத்து வந்தார்.

“எப்படிங்க ஆச்சு?” என்று டிரைவரைக் கேட்டேன்.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்” என்று போலீஸ்காரர் பதில் சொன்னார். அப்படியே எழுதிவிட்டேன்.

கட்டுப் போடும்போதுதான் மனசைக் குடைந்தது. வழுக்குகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். பெரும்பாலும் மணிக்கட்டுதான் உடையும். இவருக்கோ முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் உடைந்திருந்தது. தலைக்கு வரும் அடியைக் கை தூக்கித் தடுத்தால் உடைகிற இடம் அது. தெரிந்தும் எழுதியதை மாற்றவில்லை. போலீஸ்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

கட்டுப் பிரிக்க டிரைவர் தனியாக வந்தார். திருடியது வேறு ஆளாம், இவரை விட்டுவிட்டார்களாம். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “அந்த பாத்ரூம் அவ்வளவா வழுக்குது?”

“நான் அதைப் பார்த்ததே இல்லைங்க. கோர்ட்ல ஜட்ஜம்மா என் கையைப் பார்த்துட்டு என்னாச்சுன்னு கேட்டாங்க. போலீஸ்காரங்க நீங்க எழுதுன சீட்டைக் காட்டுனாங்க. அப்புறம் ஜட்ஜம்மா ஒண்ணும் கேக்கலைங்க.”

இப்போதெல்லாம் போலீஸ்காரரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, கதவைச் சாத்திய பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். அடிபட்டவர் சொல்வதை எழுதுகிறேன். பயத்தில் அவர் வாய் திறக்காவிட்டால், எலும்பு உடைந்த இடத்தை எழுதுகிறேன்.