நான் தூக்கிய கொடி

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்த புதிதில் நடந்தது இது. ஆனி மாதம். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கடலோர மைதானத்தில் கால்பந்து இறுதிப் போட்டி. எங்கள் தெரு டீமுக்கும் காயல்பட்டினத்து டீமுக்கும். மதில் மேல், மரத்தின் மேல், நிறுத்தி வைத்த லாரி மேல் என்று எங்கே பார்த்தாலும் தலைகள்தான்.

நான் ஆடவில்லை. கையில் கொடியோடு கோட்டோரம் ஓடுகிற லைன்ஸ்மேன் நான். வழக்கமாக வருகிறவருக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். நான் எங்கள் தெரு ஆள் ஆயிற்றே என்று நடுவர் யோசித்தார். காயல்பட்டினத்து கேப்டன், விதி தெரிந்தவராக இருந்தால் போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அன்று கோப்பையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆபீஸில் புது டீம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டமும் உண்டு, நிரந்தர வேலையும் உண்டு. ஒரே ஓர் இடம்தான் பாக்கி. ஆள் பார்க்க வந்த அதிகாரி கோட்டோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் டீமில் இரண்டு பேர் மேல் அவருக்குக் கண். ஒருவன் உப்பளத்தில் வேலை பார்க்கிற இருபது வயசுப் பையன். ஓடினான் என்றால் பின்னால் புழுதிதான் தெரியும். இன்னொருவர் சரக்குத் தோணியில் கடலுக்குப் போகிற ஓர் அண்ணன். முப்பது வயசு, லேசாகத் தொப்பை வேறு. மைதானத்தின் நடுவில் காய்கறி வாங்க வந்தவர் மாதிரி நடந்துகொண்டிருப்பார். ஆனால் அவர் தட்டிவிடுகிற பந்து, யாருக்குப் போக வேண்டுமோ அவன் காலடியில் போய் நிற்கும்.

வேகமா, பாஸா? டீக்கடையில் ஒரு வாரமாக இதே சண்டை. நான் வேகக் கட்சி. பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தில் ஜெயித்தவன் என்கிற திமிர் எனக்கு. "நடந்துக்கிட்டே ஆடுததுக்கு அவரு எதுக்குலே? அங்கன ஒரு தூணை நட்டு வச்சாப் போதாதா?" என்று அண்ணன் காதுபடவே கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த வேலை அவருக்கு எவ்வளவு தேவை என்று தெருவுக்கே தெரியும். கச்சான் காலத்தில் தோணி ஓடாது. அதனால்தான் அப்போது கரையில் இருந்தார். மற்றபடி கொழும்பு, மாலத்தீவு என்று மாதக்கணக்கில் போய்விடுவார். திரும்பி வந்து தூக்கினால் பெற்ற பிள்ளையே யாரோ எவரோ என்று வீறிட்டு அழும். கரையில் ஒரு பிழைப்பு கிடைத்துவிடாதா என்று மனுஷன் ஏங்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் அனல் பறந்தது. உயரத் தூக்கி அடித்த பந்தையெல்லாம் காற்று கடல் பக்கம் கொண்டுபோனது. அண்ணன் மட்டும் பந்தைத் தரையை விட்டு எழவே விடவில்லை. கடைசி ஐந்து நிமிடம் வரைக்கும் கோல் இல்லை. 

அப்போதுதான் அது நடந்தது. காயல்பட்டினத்தின் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேராக நான் கோட்டில் நிற்கிறேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் எங்கள் உப்பளத்துப் பையன் எதிர்ப்பக்கக் கோல்கீப்பருக்கு முன்னால் தன்னந்தனியாக நிற்கிறான், காலில் அண்ணன் தட்டிவிட்ட பந்து! ஒருத்தன் இவ்வளவு முன்னால் எப்படி வர முடியும்? ஆஃப்சைடு! பந்து வருவதற்கு முன்பே கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டிப் போய் நின்றுவிட்டான்! என் கை தானாக மேலே போய்விட்டது. பந்து வலைக்குள் போனது. நடுவர் என் கொடியைப் பார்த்து விசில் ஊதினார். கோல் இல்லை.

எங்கள் பக்கத்துக் கூட்டம் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். பக்கத்து நாற்காலியில் அதிகாரி சலித்துக்கொண்டது காதில் விழுந்தது. "பையன் நல்லா ஓடினான். அந்த ஆள்தான் பாஸை லேட்டா விட்டுட்டார்."

அண்ணன் என்னிடம் நடந்து வந்தார். அப்போதும் நடைதான். கோபமே இல்லாமல் கேட்டார், "ஏலே, நான் பந்தைத் தட்டுதப்போ அவன் எங்கன நின்னான்?"

எனக்குச் சுரீர் என்றது. விதிப்படி, பந்து தட்டுகிறவர் காலை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் அவன் எங்கே இருந்தான் என்றுதான் பார்க்க வேண்டும். நான் அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டி ஓடியவனைத்தான் வாய் பிளந்து பார்த்தேன். ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. 'டப்' என்று பந்தை உதைத்த சத்தம். அது கேட்டபோது பையனின் காலடி என் முதுகுக்குப் பின்னால் தடதடத்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் என் முழங்காலில் மண்ணை வாரியடித்துவிட்டு அவன் என்னைத் தாண்டினான். அப்படியென்றால் பந்து கிளம்பும்போது அவன் எல்லைக்குள்தான் இருந்திருக்கிறான். கண்டது பொய், காதில் கேட்டது நிஜம்.

எதிரணி கோல்கீப்பர் பந்தை மண்ணில் வைத்து உதைக்கத் தயாரானார். உதைத்து ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் அதோடு முடிந்தது, தீர்ப்பை யாராலும் மாற்ற முடியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. திறந்தாலோ சொந்தத் தெருக்காரனுக்காகப் புரட்டிப் பேசுகிறான் என்பார்கள். யோசிக்க நேரமில்லை. கொடியை ஆட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன். நூறு மீட்டரில் ஜெயித்தபோதுகூட அப்படி ஓடியதில்லை!

"சார், தப்பு என் மேல! அது கோல்தான்!" என்று கத்தினேன். நடுவர் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். பிறகு அந்தத் தடுப்பாட்டக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார். நல்ல உயரம், தாடி வைத்த மனிதர். அவர்தான் காயல்பட்டினத்து கேப்டனும். நடுவரை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"கேட்டுட்டீங்க, பொய் சொல்ல மாட்டேன் சார். பந்தை அடிக்கும்போது அந்தப் பையன் எனக்குப் பின்தங்கித்தான் இருந்தான். என்னாலதான் ஓடிப் பிடிக்க முடியல."

விசில்! கோல்! மைதானமே எகிறியது. எதிர்ப்பக்கத்திலிருந்து பறந்து வந்த செருப்பு ஒன்று என் காதைப் பதம் பார்த்தது. வலி தெரியவில்லை. அந்தத் தாடிக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, போய் ஒழுங்கா கொடியப் பிடியும்" என்று அதட்டினார். மீதி நேரத்தில் வேறு கோல் விழவில்லை. ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவ்வளவு வேகத்தில் வருகிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அண்ணன் எப்படிக் கணக்காகத் தட்டினார் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த ஓர் இடம் அண்ணனுக்குப் போனது. பையனுக்கு முகம் வாடிவிட்டது. மறு வருஷம் வேறோர் ஆபீஸ் டீம் அவனைக் கொத்திக்கொண்டு போனது வேறு விஷயம். அன்றைக்கே அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "போலே, இதுக்கு எதுக்கு அழுத" என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு யாராவது முன்னால் வந்து நின்று கைதட்டு வாங்கினால், பந்து எங்கிருந்து வந்தது என்று என் கண் பின்னால் போய்த் தேடும். அன்று அண்ணன் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் போயிருந்தால், கண்ணால் பார்த்தேன் என்கிற தைரியத்தில் ஒரு மனுஷனைத் திரும்பவும் கடலுக்கே அனுப்பிவிட்டு, நியாயமாகக் கொடி பிடித்தவன் என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குத் திக்கென்று இருக்கிறது.